கோபாலுக்கு நாள் குறித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நவீனமயமாக்கல் குழுவினருக்கு,

வணக்கம். கோபால் நிரல்களை அடுத்த காலாண்டோடு நிறுத்துவதாகச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. (புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "யார் சார் இந்தக் கோபால், எத்தனை வருஷ சர்வீஸ், பாவம்!" என்றார். அது கணினி நிரல் மொழியின் (COBOL) பெயர் என்று சொன்ன பிறகும் அவருக்கு வருத்தம் தீரவில்லை.) காரணங்களைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது சென்ற மாதக் கடைசி இரவைப் பற்றி மட்டும்.

அன்று பழைய நிரலும் புதியதும் ஒரே தரவில் ஓடின. மொத்தம் உதைத்தது. இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார்கள். விடியும்வரை தேடிப் பிடித்தது இதுதான்: ஒரு வட்டித் தொகை 1.005 என்று வருகிறது. பழைய நிரல் அதைத் தசமமாகவே, இலக்கம் இலக்கமாக வைத்திருக்கிறது. 'ரவுண்டட்' என்ற ஒற்றைச் சொல் அதை 1.01 ஆக்குகிறது. ஜாவாவில் எழுதிய புதிய நிரலில் அது 'டபுள்' என்ற இரும எண் வகை. இரும எண்ணில் 1.005-ஐச் சரியாக எழுதவே முடியாது. நினைவகத்தில் உட்காருவது அதைவிட ஒரு துளி குறைந்த எண். முழுமையாக்கினால் 1.00. ஒரு காசு போச்சு. இப்படி எத்தனை கணக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

ஜாவாவிலும் தசம வகை உண்டு. மொழிமீது பழி இல்லை. இங்கே அதைத்தான் போட வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பழைய நிரலில் வரியின் ஏழாம் இடத்தில் நட்சத்திரமிட்டு, குறிப்பாக, காசு உதைக்கும், இந்த வரியைத் தொடாதீர்கள் என்று யாரோ எழுதி வைத்திருந்தார். உங்கள் மொழிமாற்றக் கருவி குறிப்புகளைத்தான் முதலில் கழித்துவிட்டது.

அந்த நிரலைப் படிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். ஒன்றரை ஆண்டில் எனக்கு ஓய்வு. ஆகவே கேட்கிறேன்: கற்றுக்கொள்ள இருவரைக் கொடுங்கள், ஓராண்டு இரண்டு நிரல்களையும் சேர்த்தே ஓட்டுங்கள், பிறகு மூடுங்கள்.

1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி என்று விளக்கப்படத்தில் டைனோசர் போட்டிருந்தீர்கள். அழகான படம். அதே கூட்டத்தில் தரவுக் குழு காட்டிய பைத்தான் கணக்குகளுக்கு அடியில் அணிக்கணிதம் போடும் லாபேக் (LAPACK) என்ற நிரல் நூலகம் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரான் வெளிவந்தது 1957-இல். அதற்குப் படம் இல்லை, கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது அல்லவா! பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றபோது நம் கருவிகளை மாதக்கணக்கில் திருத்தி எழுதினோம். 1985-ஆம் ஆண்டுத் தரப்படி எழுதிய நம் கோபால் நிரல்கள் இன்றும் முனகாமல் ஓடுகின்றன. அடிக்கடி உடைவதற்குத்தான் நவீனம் என்று பெயரா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. புதிய செயலியைக் கோபாலில் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதமாட்டேன். இரண்டு வரி வேலைக்கும் பிரிவு பிரிவாகத் தலைப்புப் போடச் சொல்லும் மொழி அது. ஓடிக்கொண்டிருப்பதை, அது என்ன செய்கிறது என்று தெரியாமல் நிறுத்த வேண்டாம் என்கிறேன். இருவர், ஓராண்டு. தயவுசெய்து பரிசீலியுங்கள்.

யார் அந்த இருவர் என்று இம்மாதத்துக்குள் சொன்னால், பாடத்தை அந்த நட்சத்திர வரியிலிருந்தே தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
இரவு அழைப்புக்கு எழுந்து வருபவன்