அக்காவுக்கு: நான் பிஎச்.டி. சேரவில்லை

அக்கா,

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் கிடைத்த ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வேண்டாமென்று விட்டுவிட்டேன். வழிகாட்டியாக இருக்கிறேன் என்று சொன்ன பேராசிரியரிடமும் நேற்றே சொல்லியாயிற்று. போனில் சொன்னால் நீ 'சரி' என்று வைத்துவிடுவாய், அப்புறம் பேசவே மாட்டாய். எம்.ஏ. முடித்துவிட்டு இதே குழப்பத்தில் நிற்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் கல்லூரி ஆட்களும் படிப்பார்கள். அதனால் பொங்கலன்று வீட்டில் நடந்த பேச்சை இங்கே தொடப்போவதில்லை.

உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, மொத்தம் ஐந்து வருடம். தாலுகா ஆபீஸில் நான் வாங்குவதைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலையில் இருந்துகொண்டு அதை வாங்க முடியாது. ஐந்து வருடம் கழித்து என்ன? 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது நீ எப்படிச் சந்தோஷப்பட்டாய்! ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதே வருடம் நான் நெட் எழுதிய மறுநாளே தேர்வை ரத்து செய்து, திரும்ப எழுதவைத்தார்கள். வீட்டை நம்பியிருப்பவள் எத்தனை தேதிகளுக்காகக் காத்திருப்பாள்?

உனக்கு நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில்.லில் நீ சேர்ந்த 2008-இல், இளங்கலை வகுப்பு எடுக்க எம்.ஃபில். இருந்தால் போதும், நெட் தேவையில்லை. நீ முடிக்கும்போது விதி மாறிவிட்டது. 2009-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு கல்லூரி வேலை நேர்காணலுக்குத் துணைக்கு என்னைத்தான் கூட்டிப்போனாய், பள்ளிச் சீருடையோடு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உன் ஆய்வேட்டைத் தொடக்கூட இல்லை. "நெட்டா, ஸ்லெட்டா?" என்று கேட்டார். ஸ்லெட் என்பது மாநில அளவில் நடக்கும் அதே மாதிரித் தேர்வு. "ரெண்டும் இல்ல சார், எம்.ஃபில்." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆய்வேட்டை மடியில் வைத்துப் பிரித்தாய். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள், மருதூர் பற்றிய அத்தியாயம். "ஏட்டி, பேனா குடு. இங்க ஒத்து விட்டுப்போச்சு" என்றாய். டிடிபி சென்டரில் 'அணைகட்டு' என்று அடித்திருந்தார்கள். பஸ் குலுங்கக் குலுங்க, அந்த 'க்'கை மேலே சின்னதாக எழுதி, கீழே கூரைக்குறி போட்டாய். அப்புறம் அடுத்த பக்கம். ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுமானம், மற்ற ஏழும் அதற்கு முந்தியவை என்று எனக்குச் சொல்லிக்கொண்டே திருத்தினாய். இனி யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட நீ யோசித்ததாகத் தெரியவில்லை. உன்னை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

வேண்டாம் என்று என் மனதில் விழுந்ததும் அன்றைக்குத்தான். இதைச் சொன்னால் உனக்கு வலிக்கும், மன்னித்துக்கொள். ஆனால் மே மாதச் சம்பளம் இல்லாத சுயநிதிப் பிரிவில் நீ வருஷக்கணக்காகப் பாடம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு அப்படி ஆகாது" என்று நீ சொல்வதை நான் எப்படி நம்புவது? 2022 விதியில் எம்.ஃபில்லே இல்லாமல் போனது. நீ வாங்கிய பட்டத்தையே இப்போது யாரும் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு ஆராய்ச்சி வருமா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. 'என் தங்கச்சி டாக்டர்' என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தாய். வரலாறு எடுத்ததும் உனக்காக, நெட் எழுதியதும் உனக்காக. பட்டா மாறுதல் மனுவோடு வரும் ஒரு கிழவிக்கு அன்றைக்கே வேலையை முடித்துக்கொடுத்தால் எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. அதை நீ 'குமாஸ்தா வேலை' என்றாய். இன்னும் ஆறவில்லை.

அணைக்கட்டு வேலையை முடிக்கவேண்டியவள் நீதான். பிஎச்.டி.க்கு வயது வரம்பு இல்லை. எம்.ஃபில். முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், பகுதிநேரமாகவும் செய்யலாம். கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதை எப்படி வாங்குவது என்று நேரில் பேசுவோம், இங்கே வேண்டாம். அத்தானிடம் நான் பேசுகிறேன். கட்டணம் முழுக்க என்னுடையது.

தங்கச்சியிடம் பணம் வாங்கமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. நெட் புத்தகங்களை நீ மூட்டையாக வாங்கி அனுப்பியபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.