கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். வேளைக்கு வேளை சொட்டு மருந்து விடுவதுகூடப் பெரிய வேலை இல்லை. கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சாயங்காலத் தொடர்களை நான் பார்த்து அவருக்குக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்புக் கண்ணாடியும் தானுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இப்போது யார் அழுகிறாள்?" என்று கேட்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம் இது.

நடிகைகள் மேடையில் பெண்ணியம் பேசுகிறார்கள், தொடர்களில் பெண்கள் கம்பெனி நடத்துகிறார்கள், காலம் மாறிவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார், போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினாளா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ராதிகா 'சித்தி'யாக வந்த 1999ஆம் ஆண்டிலிருந்து கதாநாயகிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். கலெக்டர் ஆகிறார்கள், கோர்ட்டில் வாதாடுகிறார்கள். ஆனால் ஆபீஸிலிருந்து வந்ததும் காபித் தட்டை யார் எடுத்து வருகிறாள் என்று பார். இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் சமையலறைகளில் பாத்திரம் விளக்குவதே இல்லை. பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். எச்சில் தட்டுகள் எங்கேதான் போகின்றனவோ! பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக அடுப்படியில் நிற்பவளுக்குக் கைகூட ஈரமாவதில்லை. அந்த வேலையைக் காட்டினால், யார் செய்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்வி வரும் ஒரே நிகழ்ச்சி பிக் பாஸ்தான். தமிழில் 2017இல் தொடங்கியதிலிருந்து, அந்த வீட்டில் சமையலுக்கு ஓர் அணி, பாத்திரம் கழுவ ஓர் அணி, கழிவறை கழுவ ஓர் அணி என்று பிரித்துவிடுகிறார்கள். ஆண்களும் கழுவித்தான் ஆக வேண்டும். சண்டையில் பாதி அதனால்தான் வருகிறது. போன வருடம் ஒரு பையன் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் மாமியார், "ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ" என்று உருகிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுக் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். என்னைப் பெற்றவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை!

கணக்கு டீச்சர் இல்லையா, கணக்குச் சொல்லாமல் விட முடியாது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2024இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 88 நிமிடம், ஏதோ ஒரு வேலையில் கை வைத்த ஆண்களுக்கான சராசரி மட்டுமே. துரும்பைக்கூட எடுத்துப் போடாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2019 கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்திக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிற தவசிப்பிள்ளை ஆண்தான். கூலி இல்லாத சமையல் என்றால் மட்டும் அவர்களுக்குக் கை வருவதில்லை.

பேட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தை பிறந்து ஒரு வருடம் கழித்து நடிக்க வந்த ஒரு நடிகையிடம், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார் ஒருவர். மாதக்கணக்கில் வெளியூரில் படப்பிடிப்பில் இருக்கும் கதாநாயகனை இப்படி யாராவது கேட்டு நீ பார்த்திருக்கிறாயா?

மேடையில் பேசுவதால் மாற்றம் வருமென்று நீ நம்புகிறாய். கேரளத்தைப் பார். 2017இல் ஒரு நடிகை கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பிறகு, திரைப்படத் துறைப் பெண்கள் ஒன்று சேர்ந்து கேட்டதால் நீதிபதி ஹேமா குழு அமைந்தது. 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். பாலியல் தொல்லைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். என்னை உலுக்கியது வேறு ஒரு செய்தி. படப்பிடிப்பு இடங்களில் கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்களாம். திரையில் அம்மனாக நின்று அருள் பாலிக்கலாம். ஒதுங்க இடம் கேட்கக் கூடாது. நம் ஊரிலும் 2018இல் பாடகி சின்மயி பாலியல் தொல்லை பற்றி வாய் திறந்தார். அதே ஆண்டு டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

இதையெல்லாம் உன் அண்ணனுக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். நேற்றைய தொடரில் மூத்த மகள் தன் பங்கைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். வயலின் அழுதது, மாமியாரும் அழுதார், "பெண் என்றால் இவளல்லவா பெண்" என்றார். அந்தப் பாராட்டுக்கு என்ன விலை பார்த்தாயா? மூன்று ஏக்கர் நஞ்சை! உன் அண்ணனும் இப்படித்தான் பேசுவார். "என் தங்கச்சி தங்கம், காசு பணம் பார்க்கமாட்டாள்" என்பார். தீபாவளிக்கு ஒரு சேலை வரும்.

மகளுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்துக்கு அது சட்டமானது 1989இல். அதிலும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகள்களை விட்டுவிட்டார்கள். உனக்கு 1987இல் கல்யாணம் ஆகிவிட்டதால் உரிமை இல்லை என்று உன் அண்ணன் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் 2005 மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மகளுக்கு இந்தப் பங்கு பிறப்பால் வருவது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு என்றால், அவர் உயில் எழுதாதபோது 1956ஆம் ஆண்டுச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு.

உன் அண்ணி முகம் சுளிப்பாள், பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. விட்டுக்கொடுப்பதென்றால் கொடு, உன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடு. முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது, அப்படி ஏதாவது பதிவாகியிருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரி. தையில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வரும்போது அந்தப் பத்திர வரைவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா. இங்கே தெரிந்த வக்கீல் அம்மா ஒருவர் இருக்கிறார், காட்டிவிடலாம். அண்ணன் அதற்குள் அவசரப்படுத்தினால், சரோஜாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். ஹாஸ்டல் காலத்திலிருந்தே அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. பழி என் மேல் விழட்டும்.

அன்புடன்,
சரோஜா
தென்காசி