மெஸ் விஷயமாக, நியூயார்க்கிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பா மெஸ்ஸை விற்கப் போகிறார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். ராத்திரி ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். குளிருக்குப் பெரியப்பா கொடுத்த மப்ளர் போதும்.

எதிர் வீட்டுச் சீனப் பாட்டி, ஆரஞ்சுத் தோலை ஜன்னலில் காயப்போட்டுச் சேர்த்து வைப்பாரே, இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்து நாலு தோலைத் திணித்துவிடுகிறார். இருமலுக்காம். அவர் பேத்திதான் சொன்னாள், சீனர்கள் கூடி வாழும் சைனாடவுன் பகுதிக்குப் போனால் டாயர்ஸ் தெருவுக்குப் போங்கள் என்று. சின்னத் தெரு அம்மா, நடுவில் சட்டென்று வளையும், இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. அங்கேதான் ‘நோம் வா டீ பார்லர்’ என்ற பலகாரக் கடை, 1920இல் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் மூன்கேக் என்ற சீனப் பண்டிகைப் பலகாரம் சுட்டு விற்ற பேக்கரியாம். அங்கே வேலைக்குச் சேர்ந்த வாலி டாங் என்பவர் 1974இல் அந்தக் கடையையே வாங்கிவிட்டார். அவருக்கு வயதானதும் சகோதரர் மகன் வில்சன் டாங், நிதி நிறுவன வேலை பார்த்தவர், 2010 வாக்கில் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். இதைக் கேட்டதிலிருந்து என் மனசு நிலையில் இல்லை.

ஒரு தட்டு முள்ளங்கிப் பலகாரம் வாங்கினேன், பெரிய பசியில்லை. முள்ளங்கியைத் துருவி அரிசி மாவில் கலந்து ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டுக் கல்லில் சிவக்கச் சுட்டுத் தருகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறது, உள்ளே குழைவு. பிட்டதும் அரிசி மாவு வெந்த வாசனை வந்தது பார், விடிகாலை நாலு மணிக்கு நீ இட்லிப் பானையைத் திறக்கும்போது வருமே, அதே வாசனை. அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் இதைச் சொல். அதே சைனாடவுனில் ஜிங் ஃபாங் என்று ஒரு கடை, கிட்டத்தட்ட 800 பேர் ஒரே நேரத்தில் உட்காரும் ஹால் வைத்திருந்தார்கள். கொரோனாவில் வியாபாரம் படுத்து 2021 மார்ச்சில் ஹாலை மூட வேண்டியதாகிவிட்டது. ஆனால் தொழிலை விடவில்லை, பக்கத்திலேயே சின்ன இடம் பிடித்து அதே பலகாரத்தைப் போடுகிறார்கள். நமக்கும் மாடி ஏசி ஹால்தானே பாரம்? அந்த வாடகையும் கரண்ட் பில்லும்தானே அப்பாவை உட்கார வைத்துவிட்டது? மாடியை விட்டுவிடலாம். கீழே ஆறு மேஜை, காலை டிபன், மதியச் சாப்பாடு போதும். மாஸ்டர் முழங்காலோடு மாடிப்படி ஏற வேண்டியதும் இல்லை.

மாமா கொண்டுவந்த பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் மீட்டர் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது, அதை முதலில் அப்பா பேருக்கு மாற்ற வேண்டும். தங்கச்சி பீஸுக்கான பணம் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், சம்பளத் தேதி மாறியிருக்கிறது, நீ கவலைப்படாதே. அதுவரை வளையலை எங்கேயும் கொண்டு போய் வைக்காதே.

வருகிற ஞாயிறு நம்மூர் நேரம் காலை எட்டு மணிக்குப் போன் பண்ணுகிறேன். அப்பாவைக் கல்லாவிலேயே இருக்கச் சொல்.

உன் மகன்