ஸ்ட்ரிப்புக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டால்

சாட்ஸ்வர்த், டர்பன்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

உன் மெடிக்கல் எய்ட் அனுப்பிய பதிலை நிதானமாகப் படித்தேன். சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப்புக்கான தொகை சேவிங்ஸில் (உன் சந்தாவில் இருந்து சாதாரணச் செலவுக்கு ஒதுக்கும் கணக்கு) கழிக்கப்பட்டது, சேவிங்ஸ் தீர்ந்துவிட்டது, இனி உறுப்பினரே கட்ட வேண்டும். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. இதற்காகவா நீ "ரெண்டு நாளைக்கு ஒரு தரம் பார்த்தாப் போதும்மா" என்கிறாய்? ராத்திரி இன்சுலின் போட்டுக்கொள்கிறவள் அப்படி இருக்கக் கூடாது. பணத்துக்கும் வழி இருக்கிறது, ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் கார்டை எடுத்துப் பார். அதில் இருப்பது மெடிக்கல் ஸ்கீமா, ஹெல்த் இன்ஷூரன்ஸா? பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சட்டம் வேறு வேறு. ஸ்கீம் என்றால் தென்னாப்பிரிக்காவின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துக்கு, அதாவது 1998ஆம் ஆண்டின் 131ஆம் எண் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. நாள்பட்ட நோய்கள் என்று அந்தச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சர்க்கரை நோயின் 1ஆம் வகையும் 2ஆம் வகையும் அதில் உண்டு. அந்த நோய்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு செய்தே ஆக வேண்டும் என்பதைத்தான் பி.எம்.பி. (ப்ரிஸ்க்ரைப்டு மினிமம் பெனிஃபிட்) என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் என்று விற்கும் மலிவான பிளானுக்கும் அது பொருந்தும். மாதம் சில நூறு ராண்ட் கட்டும் இன்ஷூரன்ஸ் பாலிசிக்குப் பொருந்தாது. உன்னுடையது ஸ்கீம்தான், பெயரிலேயே இருக்கிறது. உன் கூட வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது கேட்டால் இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிக் கொடு. பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். பி.எம்.பி. செலவை உறுப்பினரின் சேவிங்ஸில் இருந்து எடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 10(6) அது. எண்ணோடு எழுது, அவர்களுக்குப் புரியும். பிறகு எப்படி எடுத்தார்கள் என்றால், பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. டாக்டர் நாள்பட்ட நோய்க்கான க்ரானிக் ஃபாரம் நிரப்பும்போது மாத்திரையையும் இன்சுலினையும் எழுதுவார், ஸ்ட்ரிப்பை விட்டுவிடுவார். பார்மசியில் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஸ்ட்ரிப்புக்கு அனுமதி இல்லை என்று வரும், உடனே அது சாதாரணச் செலவுக் கணக்கில், அதாவது சேவிங்ஸில், போய் விழும். உன் ஸ்டேட்மென்ட்டில் இன்சுலின் வரியையும் ஸ்ட்ரிப் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டுக்கும் நோய்க்குறி எண் இ11 (E11, 2ஆம் வகைச் சர்க்கரை நோய்) என்றே இருக்கிறதா, ஸ்ட்ரிப் வரியில் அது காலியாக இருக்கிறதா? காலியாக இருந்தால் தவறு அங்கேதான்.

டாக்டரிடம் போய் நீ கேட்க வேண்டியது ஒரு புது ஸ்கிரிப்ட்டும் (மருந்துச் சீட்டு) ஒரு கடிதமும். ஸ்கிரிப்ட்டில் ஸ்ட்ரிப், விரலில் குத்தும் லான்செட், இன்சுலின் பேனா ஊசி மூன்றும் தனித்தனி வரியாக, ஒரு நாளைக்கு எத்தனை, மாதத்துக்கு எத்தனை என்ற எண்ணோடு இருக்க வேண்டும். "தேவைக்கேற்ப" என்று எழுதினால் மிகக் குறைந்ததைத்தான் கொடுப்பார்கள். உனக்கு இப்போது இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டிருப்பதால் நாளைக்கு 3 வேண்டும். மாதம் 90, வீணாவதற்கு 10, ஆக 100. ஐம்பது உள்ள குப்பி இரண்டு. கடிதத்தில் என்ன மருந்து, இன்சுலின் எத்தனை யூனிட், கடைசி எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) எவ்வளவு, சர்க்கரை 4க்குக் கீழே (இங்கே மில்லிமோல் கணக்கு) இறங்கிய தேதிகளும் அப்போது மீட்டர் காட்டிய எண்ணும், வேலைக்கு நீயே கார் ஓட்டிப் போகிறாய் என்பதும் வர வேண்டும். தாழ்சர்க்கரை வந்த தேதிகள்தான் அதில் கனமான சாட்சி. உன் மீட்டர் அவற்றை நினைவில் வைத்திருக்கும், எடுத்து எழுதிக்கொண்டு போ. டாக்டருக்கு நேரம் இருக்காது, நீ எழுதிக்கொண்டு போனால் அப்படியே போட்டுவிடுவார்.

அத்தோடு ஸ்கீமுக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேள்: "எந்த ஸ்ட்ரிப்புக்கு முழுப் பணம் தருவீர்கள்?" அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். நீ வைத்திருக்கும் மீட்டரின் ஸ்ட்ரிப் அதில் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் சண்டையே வேண்டாம், மீட்டரை மாற்றிவிடு. அவர்கள் குறித்த பார்மசியில் வாங்குவதும் அதே மாதிரி. வேறு கடையில் வாங்கினால் வித்தியாசத்தை உன் தலையில் கட்டுவார்கள், அதற்கு விதியும் இடம் கொடுக்கிறது.

இவ்வளவும் செய்து, அப்புறமும் முடியாது என்றால், எந்த மருத்துவ விதிமுறைப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேள். போனில் பேசினால் பேசியவர் பெயரும் ரெஃபரன்ஸ் எண்ணும் தேதியும் நோட்டில் ஏறட்டும். பிறகு ஸ்கீமின் தலைமை அதிகாரிக்கு ஒரு கடிதம். அதுவும் பலிக்காவிட்டால் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார். அதற்குக் காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். புகார் போனதும் ஸ்கீம் பதில் சொல்ல 30 நாள். பல விஷயம் தலைமை அதிகாரிக்குக் கடிதம் போன நிலையிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் கவுன்சில் வரைக்கும் போக யாருக்கும் ஆசை இல்லை. போன வருடம் வேலை மாறியபோது நீ ஸ்கீமும் மாறினாயே, "காத்திருப்புக் காலம்" என்று காரணம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. இரண்டு ஸ்கீமுக்கும் நடுவில் 90 நாள் இடைவெளி விழாதவர்களுக்குக் காத்திருப்புக் காலத்திலும் பி.எம்.பி. உண்டு. பழைய ஸ்கீம் தந்த மெம்பர்ஷிப் சர்டிபிகேட் உன்னிடம் இருக்கிறதா பார்.

கிளினிக்கில் இலவசமாக வாங்கலாமே என்று கேட்டாயே. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் ஆரம்ப சுகாதாரச் சேவையை எல்லாருக்கும் இலவசம் என்கிறது, மெடிக்கல் எய்டில் இருப்பவர்களைத் தவிர. அதனால் உனக்கு அது வழி இல்லை. எந்த எய்டும் இல்லாத உன் சித்திக்கு அதுதான் வழி. அங்கேயும் இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் ஸ்ட்ரிப் முதலில் போகும், மாத்திரையில் இருப்பவர்களுக்குக் கிளினிக்கிலேயே குத்திப் பார்த்து அனுப்புவார்கள்.

ஸ்கீமோடு இந்த விவகாரம் முடிய இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை கைக்காசுதான். கடையில் மீட்டரை மலிவாகவோ சும்மாவோ தூக்கிக் கொடுப்பார்கள், மயங்காதே. மீட்டர் ஒரு தரம் வாங்குவது, ஸ்ட்ரிப் ஆயுசுக்கும் வாங்குவது. ஸ்ட்ரிப் குப்பியின் விலையை எண்ணிக்கையால் வகுத்து, ஒன்று எத்தனை ராண்ட் என்று பார்த்து, அதற்கப்புறம் அதற்கேற்ற மீட்டரைக் கேள். 25 உள்ள குப்பி பார்க்க மலிவு, வகுத்தால் பல சமயம் விலை கூட. பெயர் தெரியாத மலிவு ஸ்ட்ரிப் என்றால் பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 15197:2013 என்று இருக்கிறதா பார். இருந்தால் வாங்கலாம், பெரிய கம்பெனி பெயர் வேண்டும் என்று அவசியம் இல்லை. காலாவதித் தேதியையும், திறந்த பிறகு எத்தனை மாதம் என்பதையும் பார். சிலது திறந்து 3 மாதம்தான், சிலது பெட்டித் தேதி வரைக்கும். மெதுவாகச் செலவழிக்கிறவளுக்கு இரண்டாவது வகைதான் லாபம். இன்டர்நெட்டில் யாரோ விற்கும் திறந்த குப்பி, தேதி போன குப்பி, இரண்டும் வேண்டவே வேண்டாம். மெட்ராஸில் இருந்து யாராவது மீட்டர் கொண்டுவந்து கொடுத்தாலும் கவனம். அது மில்லிகிராமில் காட்டும். அங்கே 126 என்பது இங்கே 7. பதினெட்டால் வகுக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் அது தப்பாகப் போகும்.

இனி முக்கியமானது. ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் உன்னை ஏதாவது செய்ய வைக்க வேண்டும், இல்லையென்றால் அதைக் குத்தாதே. காலை வெறும் வயிற்றில் ஒன்று, தினமும். ராத்திரி இன்சுலின் அளவை மாற்றுவது அந்த எண்ணை வைத்துத்தான், மாதம் 30. வாரத்தில் மூன்று நாள், ஏதாவது ஒரு வேளைக்கு மட்டும், சாப்பிடுமுன் ஒன்று, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. திங்கள் காலைச் சாப்பாடு, புதன் மதியம், சனி ராத்திரி என்று மாற்றிக்கொண்டே வா. பீன்ஸ் கறியும் ரொட்டியும் என்ன செய்கிறது, பிரியாணி என்ன செய்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அது மாதம் 26. தூரமாகக் கார் ஓட்டுமுன், வேர்த்து நடுங்கும்போது, சர்க்கரை கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து, இப்படி அவசரத்துக்கு 14. மொத்தம் 70. ஸ்கீம் 100 தரும்வரை இதை வைத்துச் சமாளி, இதற்குக் கீழே போகாதே. கார் சாவியைத் தொடுமுன் 5க்கு மேலே இருக்க வேண்டும். 4க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அப்புறம் காத்திருப்பது. ஸ்ட்ரிப் கையில் இல்லாத நேரத்தில் நடுக்கம் வந்தால் அளக்கக் காத்திராதே, சர்க்கரையை முதலில் வாயில் போடு. காலை எண் காரணமில்லாமல் ஏறியோ, ராத்திரி வேர்த்து எழுந்தோ இருந்தால் ஒரு நாள் அலாரம் வைத்து 3 மணிக்கு ஒன்று பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்.

எண் பிடிக்கவில்லை என்று உடனே இரண்டாவது குத்துவதில்தான் அதிக ஸ்ட்ரிப் போகிறது. 8.0 வந்தது, மறுபடி பார்த்தால் 8.6, மூன்றாவது 7.7. மூன்றும் சரிதான். நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் மேலே கீழே போக அனுமதி உண்டு, அதாவது ரத்தத்தில் 8 இருந்தால் மீட்டர் 6.8 முதல் 9.2 வரை எதையும் காட்டலாம். எண்ணும் உன் உடம்பும் ஒத்துப்போகாதபோது மட்டும், கையைக் கழுவிவிட்டு, இரண்டாவது தரம் பார்.

கை கழுவுவதை லேசாக நினைக்காதே. நாச்சி என்கிற கமலா ஆரஞ்சை உரித்த விரலில் குத்தினால் பழச்சாறு ரத்தத்தோடு கலந்து, 6 இருக்கிற இடத்தில் 12 கூடக் காட்டும். (நம் நாரத்தை என்ற சொல்தான் இந்த ஊரில் நாச்சி ஆனது என்பார்கள்.) ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அந்தச் சர்க்கரை முழுதும் போகாது, சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வேண்டும். நன்றாகத் துடை, ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துவிடும். கையைக் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில், நகத்துக்கு ஒட்டினாற்போலக் குத்து. நடுவில் குத்தினால் வலி அதிகம். துளி தானாக உருண்டு வரட்டும், பிழியாதே. துளி கடுகளவு ஆனபிறகு ஸ்ட்ரிப்பின் முனையைப் பக்கத்தில் கொண்டுபோ, அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே வைத்துத் தேய்த்தாலும், துளி போதாமல் வைத்தாலும் எரர் வரும், ஒரு ஸ்ட்ரிப் போச்சு. கழுவவே வழியில்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடு.

ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு என்சைம், வெயிலும் ஈரமும் பட்டால் செத்துப்போகும். குப்பிக்குள் ஈரம் உறிஞ்சும் மருந்து இருக்கிறது, அதனால் ஒன்றை எடுத்ததும் மூடியை டக்கென்று மூடு, ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவில் மாற்றாதே. 30 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் வேண்டாம், பாத்ரூமில் வேண்டாம், ஃபிரிட்ஜிலும் வேண்டாம். டிசம்பரில் இங்கே வரும்போது டர்பன் புழுக்கத்தை நினைவில் வை. சந்தேகம் வந்தால், ஸ்ட்ரிப்பைச் சரிபார்க்கும் கன்ட்ரோல் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார், குப்பியில் அச்சடித்த எல்லைக்குள் எண் வர வேண்டும்.

லான்செட் மலிவுதான், அதை யாரோடும் பகிராதே, வீட்டு ஆட்களோடும்தான். குத்தும் பேனாவையும் கொடுக்காதே, மஞ்சள் காமாலைக் கிருமி அப்படியும் பரவும். உபயோகித்ததைக் கெட்டியான மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, பார்மசியில் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடு. குப்பைப் பையில் போட்டால் அதைப் பிரிக்கிறவர் கையில் ஏறும்.

புரட்டாசி வருகிறது. விரதம் இருக்கிறாய் என்றால் க்ளிக்லசைடு மாத்திரையையும் இன்சுலினையும் எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டிக் கேள், அந்தச் சனிக்கிழமைகளுக்கு மட்டும் மதியம் ஒரு ஸ்ட்ரிப் கூட வைத்துக்கொள்.

டாக்டர் கடிதத்தின் போட்டோவை எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பு, ஸ்கீமுக்குப் போவதற்கு முன்னால். எண்கள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். பஸ்ஸில் வரும் தம்பியிடம் இரண்டு குப்பி கொடுத்து அனுப்புகிறேன், பெட்டியின் பக்கவாட்டில் தேதி எழுதி வைத்திருக்கிறேன், பழையதை முதலில் திற.

அம்மா