மினிகம்ப்யூட்டரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி வரலாறு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, அறை நிறையும் பெரிய இயந்திரங்களிலிருந்து நேராக மேசைக் கணினிக்குத் தாவிவிட்டது. நடுவில் ஆலைகளிலும் அணு உலைகளிலும் உழைத்த மினிகம்ப்யூட்டர்களை, அதாவது அந்தப் பெரிய இயந்திரங்களைவிடச் சிறிய, விலை குறைந்த கணினிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆலைகளின் அளவீட்டு, கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கவனிக்கும் கருவியியல் துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

அமெரிக்காவின் டிஇசி (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனம் செய்த பிடிபி-5 என்ற கணினி பிறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் அணு உலைக் கட்டுப்பாட்டுக்காக அதே நிறுவனத்தின் பிடிபி-4 கணினியைத் தேர்ந்தெடுத்தார்கள். உலையிலிருந்து வரும் அளவுகளைத் திரட்டி அதற்குத் தர இன்னொரு கருவி தேவைப்பட்டது. இதற்கெல்லாம் தனியாக ஒரு மின்சுற்று செய்து மாட்டுவதுதான் அன்றைய வழக்கம். அந்த இடத்தில் சின்னக் கணினி ஒன்றையே வைத்துவிடலாம் என்று டிஇசி பொறியாளர் கார்டன் பெல் யோசித்தார். அங்கிருந்த இன்னொரு பொறியாளர் எட்சன் டி காஸ்ட்ரோ அதை வடிவமைத்தார். 1963-இல் 27,000 டாலர் விலையில் பிடிபி-5 வந்தது.

அப்புறம் 1965-இல் 18,000 டாலருக்கு பிடிபி-8. அது 12 பிட் கணினி, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் பன்னிரண்டை ஒரு தொகுதியாகக் கையாளும். அத்தகைய தொகுதியைச் ‘சொல்’ என்பார்கள். 4,096 சொற்கள் கொள்ளும் நினைவகம், அடிப்படைக் கட்டளைகள் மொத்தமே எட்டு. கழித்தலுக்குக்கூடத் தனிக் கட்டளை கிடையாது. எண்ணை எதிர்மறையாக்கிக் கூட்ட வேண்டும். ஆனால் அந்த எட்டில் ஒன்றை வெளிக் கருவிகளோடு பேசுவதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். யாருக்காகச் செய்த இயந்திரம் என்பது இதிலேயே தெரிகிறது. நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பது அழியாது. ஆலைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! இந்தக் குடும்பத்து இயந்திரங்கள் 50,000-க்கு மேல் விற்றன. இதை விட்டுவிட்டு எப்படிக் கணினி வரலாறு எழுதுவது?

நம் நாட்டிலும் அணுசக்தித் துறைதான் இந்த வழியில் முதலில் இறங்கியது. மும்பையின் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் உருவான டிடிசி-12 என்ற 12 பிட் கணினி 1969-இல் வந்தது. ஐதராபாத்தில் உள்ள அரசு மின்னணு நிறுவனமான இசிஐஎல் அதைத் தயாரித்தது. அதில் வேலை செய்தவர்களில் இளையவர்களுக்கே இன்று எண்பதை ஒட்டி வயதிருக்கும். அவர்களைத் தேடிப் பிடித்து விரிவான பேட்டி ஒன்று வெளியிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவியியல் பொறியாளர்,
திருச்சி.