ஒளிக்காட்சி ரேடியோ இணைப்பு: ஞாயிறு சோதனை

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு உவர்மலையில் ஒளிக்காட்சி விளக்குகளின் கட்டுப்படுத்திப் பெட்டிகளை வயர்லெஸ்ஸில் இணைத்துப் பார்ப்போம்.

1. ஆளுக்கொரு என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ மொடியூல். மின்சாரம் 3.3 வோல்ட் மட்டும். 5 கொடுத்தால் கருகிவிடும்.

2. விசிசிக்கும் (மின்சாரம் உள்ளே வரும் முனை) கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர், மொடியூலோடு ஒட்டியே பற்றவையுங்கோ. சிக்னல் விட்டுவிட்டு வந்தால் முதலில் இதைத்தான் பார்க்கவேணும், புரோகிராமை அல்ல.

3. சனல் 78 (2.478 கிகாஹேர்ட்ஸ்), வேகம் 250 கேபிபிஎஸ், முகவரி எல்லாருக்கும் ஒன்றே. வைஃபை 11ஆம் சனலுக்கு மேலே இருப்பதால் நெரிசல் குறைவு.

4. ஓட்டோ அக் (செய்தி கிடைத்ததும் தானாகப் பதில் அனுப்புவது) நிறுத்தவேணும். ஒரே முகவரியில் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் பதில் அனுப்பினால் மோதும்.

5. இரும்புப் பெட்டியென்றால் அன்டெனா வெளியே.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெட்டி எண்ணிக்கையோடு பதில் போடுங்கோ. சோல்டரிங் அயன் இரண்டு தேவை, யாரிடம் உண்டு?