ஹவுரா ட்ரிப் போறவங்க கவனத்துக்கு

மக்களே, சென்ட்ரல்ல ஹவுரா மெயில் ஏறப்போற எல்லாரும் இத படிச்சிடுங்க. ரெண்டாவது நாள் சாயங்காலம் ஷாப்பிங் கேன்சல், நேரா கொல்கத்தால ஹூக்ளி ஆத்தங்கரையில இருக்கற பிரின்செப் காட் போறோம், ஏன்னா அங்க படித்துறையில உக்காந்து வித்யாசாகர் சேதுங்கற கேபிள் பாலத்த பாக்காம திரும்பி வந்தா மனசு கேக்காது, போன தடவ நான் போட்ல ஏறி பாலத்துக்கு கீழ போனேன், தலைக்கு மேல ஒவ்வொரு கேபிளும் விசிறி மாதிரி விரிஞ்சு நிக்குது, படகுக்காரர் துடுப்ப நிறுத்திட்டு ஒரு நிமிஷம் சும்மா மிதக்க விட்டாரு.

நம்ம சென்னை நேப்பியர் பாலத்துல வளைவுதான் பாரத்த தாங்குது, இதுல கேபிள் சாய்வா போய் நேரா தூணுக்கு பாரத்த கொடுத்துடுது, அதனாலதான் நடுவுல 457 மீட்டருக்கு ஆத்துக்குள்ள ஒரு தூண் கூட இல்ல. 1972ல அடிக்கல் நாட்டி 1992லதான் திறந்தாங்க, 20 வருஷம் அந்த ஊரு காத்திருந்திருக்கு!

டாக்ஸில இந்த பாலத்த செகண்ட் ஹூக்ளி பிரிட்ஜ்னு சொன்னாலும் புரியும். அங்க குடும்பம் குடும்பமா வந்து டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க, நாமளும் அப்படியே உக்காரலாம். இருட்டுனப்புறம் லைட் போடுவாங்க, அதுவரைக்கும் யாரும் அவசரப்படுத்தாதீங்க ப்ளீஸ். போட் வேணும்ங்கறவங்க இன்னைக்கு நைட்டுக்குள்ள பேர் போடுங்க.